மூடிய கண்ணுக்கு மருந்து

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்குப் புறப்பட்டால் முதலில் வருவது மண்டைதீவு. பிள்ளையின் கண் சிவந்து பூளை தள்ளினால், மண்டைதீவுத் தாய் பஸ் ஏறிப் போதனா வைத்தியசாலைக்குப் போய், கண் சிகிச்சைப் பிரிவில் காட்டி, மருந்தோடு வீடு திரும்பலாம். நெடுந்தீவுத் தாயின் பாடு அதைவிடப் பெரிது. குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் வரவேண்டும்; அதன் பிறகுதான் பஸ். ஆனாலும் இருவருக்கும் கடைசிச் சிக்கல் ஒன்றே. துண்டில் "நாளுக்கு நாலு தரம், ஒவ்வொரு துளி" என்று எழுதியிருக்கும். வீட்டில் போத்தலின் மூடியைத் திறந்ததும் பிள்ளை கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு தலையைத் திருப்பும், கையைத் தட்டிவிடும், வீடு அதிரக் கத்தும்.

வைத்தியரின் கணிப்பு, மருந்து செய்தவர்களின் கவனம், தாயின் அலைச்சல் ஆகிய எல்லாம் போத்தல் முனைக்கும் பிள்ளையின் இமைக்கும் இடையிலுள்ள இரண்டு சென்ரிமீற்றரில் வந்து நின்றுவிடுகின்றன. அந்த இரண்டு சென்ரிமீற்றரைப் பற்றியதே இந்த அத்தியாயம். பிள்ளை செய்வதைக் குழப்படி என்று எண்ணும்வரை நாம் பிள்ளையோடு சண்டை பிடித்துக்கொண்டே இருப்போம். கண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் விதத்தை அறிந்துகொண்டால், அந்தக் காவலைக் குலைக்காமலே மருந்தை உள்ளே சேர்க்கலாம்.

கண் ஏன் மூடிக்கொள்கிறது?

கண்ணின் முன்புறத்தில் ஒளி ஊடுபுகும் மெல்லிய விழிவெண்படலம் இருக்கிறது. உடலில் உணர்வு நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் அது ஒன்று. தூசி, குளிர், புளிப்பு எது பட்டாலும் செய்தி ஐந்தாவது மண்டை நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகும். அங்கிருந்து ஏழாவது மண்டை நரம்பு, கண்ணைச் சுற்றியுள்ள வட்டத் தசைக்கு "மூடு" என்று கட்டளை தரும். இவ்வளவும் பத்தில் ஒரு பங்கு செக்கன் அளவில் நடந்து முடியும். பிள்ளை யோசித்து முடிவெடுக்க இதில் இடமே இல்லை.

பொருள் கண்ணைத் தொடவும் தேவையில்லை. பிறந்து சில மாதங்களிலேயே, முகத்தை நோக்கி வரும் பொருளைக் கண்டால் குழந்தை இமைக்கத் தொடங்கிவிடும். போத்தலின் முனை மேலிருந்து நேராக விழியை நோக்கி இறங்குவது அந்தக் காவலை எழுப்பும் மிகச் சரியான காட்சி. இமையை இறுக்கி மூடும்போது விழி மேல்நோக்கி உருளும். விரலால் வலிந்து இமையைப் பிரித்தால் வெள்ளை மட்டும் தெரிவது அதனால்தான்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் தீவகத்துப் பிள்ளைகளின் கண்களை மணலிலிருந்தும் புழுதியிலிருந்தும் காப்பது இதே அனிச்சைச் செயல்தான். அது வேலை செய்யாத கண்ணே கவலைக்குரியது. ஏழாவது நரம்பு செயலிழந்து இமை மூடாமற் போனவர்களின் விழிவெண்படலம் உலர்ந்து புண்ணாகிவிடும்.

இதன் மேல் குளிரும் எரிவும் சேருகின்றன. விழிவெண்படலத்தின் மேற்பரப்பு 33, 34 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகையில் வைத்த மருந்தை எடுத்தவுடன் விட்டால், குளிரை உணரும் நரம்பு முனைகள் அலறும். சில மருந்துகள் கெடாமல் இருப்பதற்காகக் கண்ணீரைவிட அமிலத்தன்மை கூடியனவாகத் தயாரிக்கப்படுகின்றன, அவை எரிக்கும். ஒருமுறை இருவர் சேர்ந்து அமத்திப் பிடித்து எரியும் மருந்தை விட்டால், அடுத்த முறை போத்தலைக் கண்டதுமே அழுகை தொடங்கிவிடும். அச்சம் அவ்வளவு விரைவாகப் படிந்துவிடும்.

ஒரு துளியின் கணக்கு

கண்ணில் எந்த நேரமும் ஏறக்குறைய 7 மைக்ரோலீற்றர் கண்ணீர் இருக்கும். கீழிமையின் உட்புறமுள்ள சிறு பை, இமைக்காமல் இருந்தால்கூட, மொத்தம் 30 மைக்ரோலீற்றர் அளவுதான் கொள்ளும். போத்தலிலிருந்து விழும் ஒரு துளியோ பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரோலீற்றர் வரை இருக்கும். ஆகவே சரியாக விழுந்த ஒரே துளியிலும் ஒரு பகுதி வழிந்துதான் போகும். கன்னத்தில் வழிவதைக் கண்டு "மருந்து போகேல்லை" என்று இரண்டாவது, மூன்றாவது துளியை விடுவது வீண். கொள்ளும் அளவு முதல் துளியிலேயே நிறைந்துவிட்டது. இரண்டு வகை மருந்து விடவேண்டுமானால் இடையில் ஐந்து நிமிடமாவது விடவேண்டும். இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

உள்ளே நின்ற மருந்தும் அங்கேயே தங்காது. அமைதியாக இருக்கும் கண்ணில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலீற்றருக்குச் சற்றுக் கூடிய அளவில் கண்ணீர் சுரக்கிறது. அழும்போது அது நூறு மைக்ரோலீற்றர் வரை உயரலாம். அமத்திப் பிடித்து, கதறக் கதற விட்ட மருந்தைப் பிள்ளையின் கண்ணீரே வெளியே தள்ளிவிடுகிறது. வலுக்கட்டாயம் அன்புக்கு மட்டும் எதிரானதன்று. மருந்தின் வேலையையும் அது கெடுக்கிறது.

மிச்சம் எங்கே போகிறது? மேலிமையிலும் கீழிமையிலும் மூக்கோரமாக ஒவ்வொரு நுண்துளை உண்டு. ஒவ்வோர் இமைப்பும் கண்ணீரை அந்தத் துளைகளுக்குள் தள்ளும். அங்கிருந்து அது கண்ணீர்ப்பைக்கும், கண்ணீர்க்கான் வழியே மூக்குக்கும், தொண்டைக்கும் போகும். கண்ணில் மருந்து விட்டதும் "வாய் கைக்குது" என்று பிள்ளை சொன்னால் அது கற்பனை அல்ல. விட்ட மருந்தில் விழிக்குள் ஊறிச் செல்வது பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவு. மீதியின் பெரும்பகுதி மூக்கின் உட்தோல் வழியாக நேரே இரத்தத்தில் கலந்துவிடக்கூடும். விழுங்கும் மருந்தை ஈரல் முதலில் வடிகட்டும். மூக்கு வழியாகப் போவதற்கு அந்தத் தடையும் இல்லை.

சிறிய உடல், அதே துளி

பெரியவருக்கும் குழந்தைக்கும் போத்தல் ஒன்று, துளியும் ஒன்று. உடல் மட்டும் ஒன்றல்ல. 60 கிலோ எடையுள்ள தகப்பனுக்கும் 12 கிலோ எடையுள்ள மகளுக்கும் ஒரே துளியை விட்டால், எடைக்கேற்பப் பார்க்கும்போது மகளுக்குப் போவது ஐந்து மடங்கு.

கண்மணியை விரிக்கப் பாவிக்கும் அத்ரோபின் இதற்கு நல்ல சான்று. அதன் 1 வீதக் கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் மருந்து உண்டு. 50 மைக்ரோலீற்றர் துளியில் இருப்பது அரை மில்லிகிராம். இதயத் துடிப்பு ஆபத்தாகக் குறைந்த பெரியவர் ஒருவருக்கு ஊசியில் ஏற்றப்படும் அளவும் ஏறக்குறைய இதுதான். துளி முழுவதும் இரத்தத்தில் சேராது என்றாலும், சிறு குழந்தையின் முகம் சிவந்து, வாய் உலர்ந்து, உடல் சுட்டு, நெஞ்சு படபடக்க அதில் ஒரு பங்கே போதும். இந்த அறிகுறிகள் கண்டால் அடுத்த துளியை விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

அத்ரோபினை 1830களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பெல்லடோனாச் செடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதே பொருளும் அதன் உறவான இன்னொரு நஞ்சும் நம் ஊரில் வெறுங்காணிகளில் வளரும் ஊமத்தையிலும் இருக்கின்றன. ஊமத்தம்பூவைப் பறித்து விளையாடிய கையால் கண்ணைக் கசக்கிய பிள்ளைக்கு ஒரு பக்கக் கண்மணி மட்டும் பெரிதாக விரிந்துவிடும். காரணம் தெரியாதவர்கள் மூளையில் ஏதோ கோளாறு என்று பயந்துபோவார்கள். துளியளவு சாறு கண்மணியை இப்படி விரிக்கிறது என்றால், போத்தலில் அடைத்த கரைசலின் வலுவைப் புரிந்துகொள்ளலாம்.

மருந்து உடலுக்குள் போவதைக் குறைக்க விலையில்லாத வழி ஒன்று உண்டு. துளி விட்டவுடன், கண்ணின் உள்மூலையில், மூக்கெலும்பை ஒட்டிய இடத்தை விரல் நுனியால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். கண்ணீர்ப்பை அங்கேதான் இருக்கிறது. ஒன்றிரண்டு நிமிடம் பிடித்தால் மூக்குக்குப் போகும் வழி அடைபடும். மருந்தும் கண்ணிலேயே கூடுதலாக நிற்கும். பிள்ளை கண்ணை மூடி அமைதியாகக் கிடந்தாலே இந்தப் பயனில் பெரும்பகுதி கிடைக்கும்.

சில மருந்துகளைப் பிள்ளைக்கு விடவே கூடாது. கண் அழுத்த நோய்க்குப் பெரியவர்கள் பாவிக்கும் பிரிமோனிடினை இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு விட்டால் மயக்கமும் மூச்சுத் தடையும் வரலாம். கண் சிவப்பைப் போக்கக் கடைகளில் விற்கும் சில சொட்டு மருந்துகளை ஒன்றிரண்டு மில்லிலீற்றர் குடித்தாலே சிறு பிள்ளைகளுக்குக் கடும் பாதிப்பு நேரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. அப்பம்மாவின் கண் மருந்துப் போத்தல் பேரப்பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும்.

மூடிய கண்ணே வழி

கண்ணைத் திறக்க வைக்கவேண்டும் என்பதுதான் நம் முதல் எண்ணம். திறக்காமலே விடலாம். தயங்கும் பிள்ளைகளுக்குக் கண் மருந்து விடும் இந்த வழியைப் பிரித்தானியக் கண் மருத்துவ இதழ் ஒன்று 1991இல் வெளியிட்டது. கண் பரிசோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் மருந்தை மூடிய இமைமேல் தெளித்துப் பார்த்த ஆய்வுகளிலும் மருந்து உள்ளே போய் வேலை செய்தது. இன்று உலகெங்கும் தாதியர் பெற்றோருக்குச் சொல்லித் தரும் முறை இது.

பிள்ளையை மல்லாக்காகப் படுக்க வைத்து, "கண்ணை மூடுங்கோ" என்று சொல்லுங்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள உள்மூலை சிறு குழியாக இருக்கும். பூளை இருந்தால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் முதலில் அதைத் துடைத்துவிடுங்கள். அந்தக் குழியில் ஒரு துளியை விழவிடுங்கள். போத்தலைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்தால், முகத்துக்கு நேரே இறங்கும் அச்சம் இராது. முனை இமையிலோ தோலிலோ படக்கூடாது. பட்டால் கண்ணிலுள்ள கிருமி போத்தலுக்குள் போய்விடும். தலையைத் திருப்பாமல் பிள்ளை கண்ணைத் திறந்து இமைத்தால், துளி தானாக உள்ளே ஓடிவிடும். திறக்க மறுத்தால் கீழிமையை விரலால் சற்றுக் கீழே இழுத்தாலே போதும். இறுகப் பொத்திக்கொண்ட பிள்ளையும் சற்று நேரத்தில் இமைக்கத்தான் செய்யும்.

திமிறும் வயதில் படுக்க வைப்பதே பாடு. யாழ்ப்பாணத்து அம்மம்மாமாருக்கு இதற்கு ஏற்ற இருப்பு முன்பே தெரியும். பாயில் இருந்து, இரண்டு காலையும் நீட்டி, பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிய இருப்பு அது. இப்போது பிள்ளையின் தலை உங்கள் தொடைகளுக்கு நடுவிலும், அதன் கால்கள் உங்கள் பாதங்களை நோக்கியும் இருக்கட்டும். பிள்ளையின் கைகள் உங்கள் தொடைகளுக்குக் கீழே அடங்கட்டும். தலை அசையாது, உங்கள் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், பிள்ளை அண்ணாந்து பார்த்தால் உங்கள் முகம் தெரியும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பருத்திச் சேலையால் கையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டால் போதும்.

இனி வார்த்தைகள். "எரியாது" என்று பொய் சொல்லாதீர்கள். எரிந்ததும் அடுத்த முறை நீங்கள் சொல்வது எதையும் பிள்ளை நம்பாது. "கொஞ்சம் குளிரும், கொஞ்சம் எரியும், அஞ்சு எண்ணி முடிய எல்லாம் போயிடும் குஞ்சு" என்று உள்ளதைச் சொல்லி, சேர்ந்து எண்ணுங்கள். "மருந்து விடட்டோ?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதில்தான் வரும். "எந்தக் கண்ணுக்கு முதல் விடுவம் ராசா?" என்று கேளுங்கள். முடிவில் ஒரு பங்கு பிள்ளையின் கையில் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை பொம்மைக்கு முதலில் தண்ணீர்த் துளி விட்டுப் பார்க்கட்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலைக் கைக்குள் இரண்டு நிமிடம் வைத்திருந்து குளிர் தணிந்தபின் விடுங்கள். முடிந்ததும் தூக்கி அணைத்து, நன்றாகக் கிடந்ததற்குப் பாராட்டுங்கள். நாளுக்கு நாலு தரம் என்றால் ஒரு வாரத்தில் 28 தரம். முதல் இரண்டு தரத்தை அமைதியாக நடத்தினால் மிச்சம் இலகுவாகிவிடும்.

எந்தத் துளி தேவை, எது தேவையில்லை?

எல்லாச் சிவந்த கண்ணுக்கும் மருந்து வேண்டியதில்லை. ஒக்ஸ்போர்ட் வைத்தியர்கள் கண்ணோய் வந்த 326 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் குளோரம்பெனிக்கோல் துளியும், மறுபகுதியினருக்கு மருந்தில்லாத் துளியும் கொடுத்தார்கள். ஏழாவது நாளில் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்கு 83 பேருக்கும் குணமாகியிருந்தது. பெரும்பாலான கண்ணோய் தானாக மாறும். "இந்த மருந்து கட்டாயம் வேண்டுமோ டொக்ரர்?" என்று கேட்பது தாயின் உரிமை.

சில இடங்களில் ஒரு துளிதான் பார்வையைக் காக்கிறது. 1880இல் லைப்சிக் நகர மகப்பேற்று வைத்தியர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 வீத சில்வர் நைத்திரேற்றுத் துளி விடத் தொடங்கினார். பிரசவத்தின்போது தொற்றிப் பார்வையைப் பறித்த கண்ணழற்சி, அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்து அளவிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்றும் பிறந்து ஒரு மாதத்துக்குள் குழந்தையின் கண் சிவந்து சீழ் வடிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சிவிட்டுக் காத்திருப்பது நம் ஊரில் பழைய வழக்கம். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு ஈடில்லாத உணவு. கண்ணிலோ அது தேவையான மருந்தைத் தாமதப்படுத்தும்; தோலிலுள்ள கிருமியையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

சோம்பற்கண்ணுக்கு, நல்ல கண்ணில் அத்ரோபின் விட்டு அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்து, சோம்பிய கண்ணை உழைக்க வைப்பார்கள். அமெரிக்காவில் ஏழு வயதுக்குக் குறைந்த 419 பிள்ளைகளிடம் செய்து 2002இல் வெளியான ஆய்வில், நல்ல கண்ணை மூடிக்கட்டுவதற்கு ஈடான பலனை இந்தத் துளியும் தந்தது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விட்டாலும் தினமும் விடுவதற்கு ஈடான பலன் கிடைப்பதாக 2004இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. ஏழு நாள் போராட்டம் இரண்டு நாளாகச் சுருங்கியது குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வேலி அடைக்கும் இடத்தில் விளையாடும் பிள்ளையின் கண்ணில் பனையோலையோ கருக்கு மட்டையோ கீறிவிடும். செடிகொடிகளால் வரும் காயத்தில் பங்கசு தொற்றும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இன் முதல் மூன்று மாதங்களில் வந்த 434 விழிவெண்படலப் புண் நோயாளரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பங்கசு. இப்படிப்பட்ட கண்ணில் ஸ்டீரோயிட் கலந்த துளியை விட்டால் சிவப்பு குறைவதுபோலத் தெரியும். புண் உள்ளே பரவும். வெயிலும் புழுதியும் கூடிய காலத்தில் அரிப்போடு வரும் ஒவ்வாமைக் கண்ணோய்க்கும், முன்பு எழுதிய துண்டைக் காட்டி அதே ஸ்டீரோயிட்டைத் திரும்பத் திரும்ப வாங்கி விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரும். பிள்ளைப் பருவத்திலேயே பார்வை கெட இது போதும்.

தாயின் கையில் தரவேண்டியது

திறந்து 28 நாளான போத்தலை எறிந்துவிடுங்கள். அண்ணனின் போத்தலைத் தங்கைக்கு விடாதீர்கள். விடுமுன்னும் விட்டபின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கண் நோகுது என்று பிள்ளை அழுதாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைப் புதைத்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ வீட்டில் துளி விட்டுப் பார்க்கவேண்டாம். அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள்.

வைத்தியசாலைகளில் பணியாற்றுவோரிடமும் ஒன்று கேட்கவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் இரண வைத்தியத்தைத் தமிழ் நூலாக வெளியிட்டார். அறிவு சாதாரண சனங்களின் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்ற அந்த அக்கறை இன்று மருந்து கொடுக்கும் யன்னலடியிலும் தேவைப்படுகிறது. துண்டில் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ ஐந்து நிமிடம் ஒதுக்கி, பிள்ளையைத் தாயின் காலில் கிடத்தி, மூடிய கண்ணின் மூலையில் முதல் துளியைத் தாயையே விடச் சொல்லுங்கள். தவறினால் அங்கேயே திருத்துங்கள். கடலைத் தாண்டி வீட்டுக்குப் போகும் தாய்க்கு மருந்தோடு அந்தப் பழக்கமும் சேர்ந்து போகவேண்டும். அதற்கு இன்னொரு கட்டடமோ கருவியோ வேண்டியதில்லை. இன்றைக்கே தொடங்கலாம்.